பரிசும் விஷமும் கல்யாணமும்

டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனிலே பிஸ்பெபியர் என்னும் வைத்தியசாலை ஒன்று உண்டு. அங்கே இராப்பகலாக விழித்திருக்கும் தொலைபேசிச் சேவை ஒன்று நடைபெறுகிறது. தவழும் குழந்தை சலவைத் திரவத்தை எடுத்துக் குடித்துவிட்டாலும், காட்டிலே பறித்த காளானைச் சமைத்து உண்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாலும், வீட்டார் அந்தச் சேவையை அழைக்கலாம். உட்சென்றது என்ன, எவ்வளவு, எத்தனை நிமிடமாயிற்று என்று மறுமுனையில் இருப்பவர் நிதானமாகக் கேட்பார். செய்ய வேண்டியது இன்னது, செய்யத்தகாதது இன்னது என்று சொல்லுவார். உயிர் காக்கும் இந்தச் சேவைக்குப் பெயர் 'கிப்ட்லின்யன்'. பெயரின் பிற்பகுதி தொலைபேசித் தொடர்பைக் குறிப்பது. முற்பகுதியாகிய 'கிப்ட்' என்ற சொல்லை ஆங்கிலம் கற்கும் நம் மாணவன் எவனும் அறிவான். ஆகவே, 'பரிசு வழங்கும் தொலைபேசி போலும்! நாமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே' என்று அவன் எண்ணினால் அது அவன் குற்றமன்று.

டேனிஷ் மொழியிலே 'கிப்ட்' என்றால் விஷம். எலியைக் கொல்வதற்குக் கடையில் வாங்குவது 'ரொட்டகிப்ட்'. நச்சுப் பாம்பு 'கிப்ட்ஸ்லாங'. நச்சுத்தன்மை உள்ள எதுவும் 'கிப்டிக்'. இதனோடு முடிந்திருந்தால், இரண்டு மொழிகளில் ஒரே ஓசையுடைய இரண்டு சொற்கள் என்று சொல்லி அப்பாற் சென்றிருக்கலாம். ஆனால் அதே டேனிஷ்காரர் ஒருவர் நம்மிடம் வந்து, 'யாய் எர் கிப்ட்' என்று புன்னகையோடு சொன்னால், 'நான் விஷம்' என்று அவர் தம்மைப் பழித்துக்கொள்ளவில்லை. 'எனக்கு விவாகம் ஆகிவிட்டது' என்கிறார். மணமாகாதவர் 'உகிப்ட்'. எழுத்திலும் ஓசையிலும் அணுவளவு வேற்றுமையும் இல்லை. விஷத்துக்கும் விவாகத்துக்கும் ஒரே சொல்.

இந்த ஒற்றுமையைப் பற்றிக்கொண்டு டேனியக் கணவன்மார் சொல்லும் பகடிகளை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இப்பக்கத்தைப் புரட்டும் இல்லத்தரசிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். தவிரவும், விஷம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது பற்றி மனைவிமாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்குமல்லவா?

டேனியர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1620ஆம் ஆண்டிலே ஓவ கியெட்டே என்னும் இளந் தளபதியின் தலைமையில் கிழக்கு நோக்கி வந்த அவர்களுடைய கப்பல்கள் முதலில் நாடியது இலங்கையைத்தான். கண்டி அரசனோடு நடத்திய பேச்சுப் பலிக்காமற் போகவே, அவர்கள் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றனர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அங்கே டேனியக் கொடி பறந்தது. அவர்களுடைய மொழி ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி போன்றது. ஒரே பாட்டியின் வயிற்றுப் பேத்திகள் என்றாலும், வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தமையால் ஒருத்திக்குத் தெரிந்த குடும்ப இரகசியம் மற்றவளுக்குத் தெரியாது. 'கிப்ட்' என்பது அத்தகைய குடும்ப இரகசியங்களில் ஒன்று.

பரிசு, விஷம், விவாகம் என்னும் மூன்றுக்கும் அடியிலே கிடப்பது 'கொடுத்தல்' என்னும் ஒரே வினை. ஆங்கிலத்தில் அது 'கிவ்'. டேனிஷிலும் ஏறக்குறைய அதுவே. கொடுக்கப்படுவது 'கிப்ட்'. கொடுக்கப்பட்டது பொருளாயின் பரிசு, பெண்ணாயின் விவாகம், விஷத்தின் கதை சற்றே நீண்டது, பின்னர்ச் சொல்கிறேன்.

பரிசு என்ற பொருளே ஆதியானது, மற்றவை பின்வந்தவை என்று ஆங்கிலம் மட்டும் படித்தவர்கள் நினைப்பது இயல்பு. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். அங்கே இச்சொல்லுக்கு உரிய பொருள், பெண்ணைக் கொள்வதற்காக மாப்பிள்ளை கொடுக்கும் விலை என்பதாகும். பன்மையில் வந்தால் திருமணம். பிறந்தநாளுக்குக் கொடுக்கும் பொம்மையையோ, நண்பனுக்கு அளிக்கும் பேனாவையோ அக்காலத்து ஆங்கிலேயன் இச்சொல்லாற் குறித்ததாகத் தெரியவில்லை. உச்சரிப்பும் வேறு. முதலெழுத்தை அவன் 'யி' என்றே ஒலித்தான். 'யிப்ட்' என்பது போல.

பின்னர், 'யி' எவ்வாறு 'கி' ஆயிற்று? இங்கேதான் டேனியர் கப்பலேறி வருகிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டிலே வைக்கிங் படைகள் இங்கிலாந்தின் கிழக்கையும் வடக்கையும் கைப்பற்றின. 866இல் யோர்க் நகரம் அவர்கள் வசமாயிற்று. வந்தவர்களிற் பலர் வாளை வைத்துவிட்டுக் கலப்பையைப் பிடித்தனர். அயல்வீட்டு ஆங்கிலப் பெண்களை மணந்தனர். 1016இலோ கனூட் என்னும் டேனிய இளவரசனே இங்கிலாந்தின் அரசனானான். வானத்துக்கும் ஜன்னலுக்கும் முட்டைக்கும், சட்டத்துக்கும், கணவனுக்கும்கூட இன்றைய ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் இவ்வாறு வடநாட்டார் விட்டுச் சென்றவையே. அவர்கள் வாயில் 'கிப்ட்' வல்லோசையோடு வந்தது. கொடை என்னும் பொதுப்பொருளையும் உடன்கொண்டு வந்தது. பழைய 'யிப்ட்' மெல்ல ஒதுங்கிற்று.

ஓசை மாறுவது ஒரு நாளில் நடக்கும் காரியமன்று. இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் கக்ஸ்டன் 1490இல் எழுதிய முகவுரை ஒன்றிலே சுவையான சம்பவம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். வணிகர் சிலர் காற்றில்லாமையாற் கப்பலை நிறுத்திக் கரையேறி, ஒரு வீட்டில் முட்டை கேட்டனர். அவர்கள் கேட்டது வடக்கத்திச் சொல்லில். 'எக்' என்ற வல்லோசையில். வீட்டுப் பெண்ணோ, தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று கைவிரித்தாள். பிரெஞ்சு அறியாத அந்த வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது! பிறகு வேறொருவர் தெற்கத்தி வழக்கில், யகர ஓசையோடு கேட்டபோதுதான் அவளுக்கு விளங்கியதாம். ஒரே நாட்டில், ஒரு முட்டைக்கு இத்தனை பாடு. இறுதியில் வென்றது வைக்கிங்கர் முட்டையே என்பதை ஆங்கிலப் பாடநூல் வைத்திருக்கும் எவரும் அறிவர்.

இனி விவாகத்துக்கு வருவோம். 'யாய் எர் கிப்ட்' என்னும் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பார்த்தால், 'நான் கொடுத்துவிடப்பட்டவள்' என்பதே அதன் பழம்பொருள். 'கொடுத்துவிடப்பட்டவன்' அன்று, 'கொடுத்துவிடப்பட்டவள்'. கொடுத்தவர் தந்தை, தந்தை இல்லாவிடில் தமையனோ நெருங்கிய உறவினனோ. பெற்றவன் மாப்பிள்ளை. பண்டைய டேனியச் சட்டங்களிலே பெண்ணுக்கு ஒரு பாதுகாவலன் இருந்தான். அவன் சம்மதமின்றி அவளை ஒருவன் கொள்ள முடியாது. அவளோடு கூடச் செல்லும் பொருளுக்கு 'மெத்கிப்ட்' என்று பெயர்; 'உடன்கொடுப்பது' என்பது பொருள். நமது சீதனம் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தாருக்கு மேல்விளக்கம் வேண்டியதில்லை. மணம் பேசி முடித்துவைக்கும் தரகரையோ அம்மொழி 'கிப்டக்னிவ்' என்கிறது. 'மணக்கத்தி' என்று அதை மொழிபெயர்க்கலாம். ஒட்டிவைப்பவருக்குக் கத்தி என்று பெயர் வைத்த அந்த மக்களின் நகைச்சுவையை என்னென்பது!

காலப்போக்கில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கொடுக்கப்படுகிறவளுக்கு மட்டும் உரியதாயிருந்த சொல் கொள்ளுகிறவனுக்கும் ஆயிற்று. ஆணும் 'கிப்ட்', பெண்ணும் 'கிப்ட்'. வினைச்சொல்லும் தன்வினை வடிவம் பெற்றது. மணம் செய்துகொள்வதை இன்று அவர்கள் 'தன்னைத்தானே கொடுத்தல்' என்னும் அமைப்பிலே சொல்கிறார்கள். மொழி இவ்வளவு தூரம் வந்த பின்னரும் சட்டம் அசைய நெடுங்காலம் பிடித்தது. 25 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணைத் தன் காரியத்தைத் தானே நடத்தும் உரிமையுள்ளவளாக டென்மார்க் ஏற்றுக்கொண்டது 1857இல். மணமான பெண்ணுக்கோ அவ்வுரிமை 1899இல்தான் கிட்டியது. இடைப்பட்ட 42 ஆண்டுகளிலே, 'உகிப்ட்' ஆக இருந்தவரையிலும் சட்டத்தின்முன் முழு மனுஷியாக நின்றவள், 'கிப்ட்' ஆன அன்றே அந்தத் தகுதியை இழந்தாள். ஒரு முன்னொட்டிலே ஒருத்தியின் உரிமை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும்போது தொல்காப்பியம் நினைவுக்கு வராத தமிழர் இரார். கற்பியலின் முதற் சூத்திரம் திருமணத்தை விளக்கும்போது, கொடுப்பதற்கு உரியோர் கொடுக்க, கொள்வதற்கு உரியோன் கொள்வது என்றே விளக்குகிறது. ஆனால் அடுத்த சூத்திரமே, கொடுப்போர் இல்லாமலும் மணச்சடங்கு நடப்பதுண்டு என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது! உடன்போக்குச் சென்ற காதலரை மனத்திற் கொண்டு சொன்னது அது. 'பெண் கொடுத்த இடம்', 'கொண்டு கொடுத்தவர்கள்' என்று நாம் இன்றும் பேசுகிறோம். எத்தனையோ கடல்களுக்கு அப்பால், நம்மோடு இனத்தொடர்பற்ற மொழியொன்றிலும் விவாகம் என்பது கொடுக்கல் வாங்கலாகவே சொல்வடிவம் பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது.

விஷத்தின் கதை கிரேக்க நாட்டு வைத்தியரிடம் தொடங்குகிறது. நோயாளிக்கு ஒரு வேளையில் கொடுக்கும் மருந்தின் அளவை அவர்கள் 'டோசிஸ்' என்றனர். 'கொடுத்தல்' என்பதே அதன் நேர்ப்பொருள். ஆங்கில வைத்தியர் 'டோஸ்' என்று இன்று சொல்வது அதுவே. விஷமுறிவுக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்குள்ளும், 'எதிராகக் கொடுப்பது' என்ற பொருளில் அந்தக் கிரேக்க வேர் ஒளிந்திருக்கிறது. இங்கே இன்னொரு செய்தி. 'டோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் 'தானம்' என்ற வடசொல்லுக்கும் வேர் ஒன்றே. கன்னிகாதானத்தில் வரும் தானமும், பேதி மருந்துப் போத்தலில் எழுதியிருக்கும் டோசும் பங்காளிகள்!

இந்த 'டோசிஸ்' என்னும் சொல்லை ஜெர்மானியர் தம் மொழியிற் பெயர்த்தபோது, கொடுத்தலைக் குறித்த 'கிப்ட்' என்னும் சொந்தச் சொல்லையே இட்டனர். முதலில் அது மருந்தின் அளவு. பின்னர், கூறத்தகாத ஒன்றைக் கூறாமற் கூறும் முறையாயிற்று. 'அவனுக்கு ஏதோ கொடுத்துவிட்டார்கள்' என்று நம் ஊரிலே குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லையா? கொடுத்தது என்ன என்று எவரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. அப்படித்தான் 'கொடுத்தது' என்ற சொல்லே விஷத்தின் பெயராயிற்று. மத்திய காலத்தில் வட ஜெர்மன் வணிகர் பால்டிக் கடலெங்கும் வியாபாரம் செய்து, தம் சொற்களையும் சரக்கோடு இறக்கினர். டேனிஷ் மொழி அவர்களிடம் கடன்வாங்கிய எண்ணற்ற சொற்களில் இந்த நஞ்சும் ஒன்று. விவாகம் என்ற பொருளில் முன்னரே வழங்கிவந்த தன் சொந்தச் சொல்லும், பின்வந்த விருந்தாளியும் ஒரே உருவில் இருப்பதை அம்மொழி பொருட்படுத்தவில்லை போலும்.

விஷத்துக்கு அதற்குமுன் டேனிஷில் சொல் இல்லாமலில்லை. 'எடர்' என்ற பழஞ்சொல் இருந்தது. இன்று அது அருகிவிட்டாலும், சிலந்திக்குரிய 'எடர்கொப்' என்னும் பெயரிலே வலைபின்னிக்கொண்டு வாழ்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இதன் உடன்பிறப்பாகிய 'ஆட்டர்' இருந்தது. 'ஆட்டர்கொப்' என்றால் சிலந்தி. அச்சொல்லையும் ஆங்கிலம் கைவிட்டுப் பிரெஞ்சிலிருந்து 'பொய்சன்' என்பதை எடுத்துக்கொண்டது. அதன் மூலப்பொருளைத் தேடினால் அங்கும் அதே மூடுமந்திரந்தான். 'பானம்' என்பதற்குமேல் ஒன்றுமில்லை. ஆங்கிலேயன் 'குடிப்பது' என்றான். டேனியன் 'கொடுப்பது' என்றான். இருவரும் நஞ்சின் பெயரை வாயாற் சொல்லவில்லை. நாம் மட்டும் என்ன? எலியைக் கொல்வது எலி மருந்து. மிளகாய்த் தோட்டத்துக்கு அடிப்பது மருந்து. காய்ச்சலுக்கு உண்பதும் மருந்து. அந்நியன் ஒருவன் தமிழ் கற்க வந்தால் அவன் நம்மைப் பார்த்துத் திகைக்கமாட்டானா?

விஷமும் விவாகமும் ஒருங்கே நிகழ்ந்த டேனிய அரண்மனை ஒன்றை உலகம் முழுவதும் அறியும். அதை அறிமுகம் செய்தவர் ஓர் ஆங்கிலேயர். ஹெல்சிங்கோர் துறைமுகத்தில் 1574 தொடக்கம் 1585 வரை இரண்டாம் பிரெடரிக் மன்னன் கட்டிய குரோன்போர்க் கோட்டையே ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்துக்குக் களம். பழமரச் சோலையிலே உறங்கும் அரசனின் காதில் அவன் தம்பி விஷச் சாற்றை வார்க்கிறான். உடனே அண்ணியை மணந்து அரியணை ஏறுகிறான். 'கிப்ட்' கொடுத்தவன் 'கிப்ட்' ஆகிறான்! நாடகத்தின் இறுதியில் அந்த அரசியே, மகனுக்காகக் கலந்து வைத்த நச்சுக் கிண்ணத்தை அறியாமல் எடுத்துப் பருகி வீழ்கிறாள்.

இக்கதையின் மூலம் 1200ஆம் ஆண்டையொட்டி சாக்சோ என்னும் டேனிய அறிஞர் இலத்தீனில் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. அங்கே தம்பி அண்ணனைக் கொல்வது இரகசியமன்று. கொன்றுவிட்டு அதற்கொரு நியாயமும் கற்பிக்கிறான். காதில் வார்த்த நஞ்சு அதில் இல்லை. அது பின்னர் நாடகக்காரர் கலந்தது. ஷேக்ஸ்பியருக்கு டேனிஷ் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. பிற்காலத்தில் அவருடைய குழுவில் நடித்த வில் கெம்ப் முதலிய சில நடிகர்கள் 1586இல் ஹெல்சிங்கோருக்குச் சென்று ஆடியதுண்டு. கோட்டையைப் பற்றி அவர்கள் கதைகதையாகச் சொல்லியிருக்கலாம். இந்தச் சிலேடையையும் சொன்னார்களா என்றால், நான் நம்பமாட்டேன். தற்செயல் என்றே கொள்ளவேண்டும். ஆயினும் டேனிஷ் மொழிபெயர்ப்பில் அந்நாடகத்தைப் படிக்கும் ஒருவனுக்கு இரண்டு சொற்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பது தெரியாமற் போகாது.

நஞ்சுக்கும் மணத்துக்கும் சொல்லைக் கொடுத்துவிட்ட டேனியருக்குப் பரிசைக் குறிக்க ஒரு சொல் வேண்டுமே? அதே வேரிலிருந்து 'கேவ' என்ற மற்றொன்றை வைத்திருக்கிறார்கள். பிறவித் திறமையையும் அதுவே குறிக்கும். ஆங்கிலத்தில் 'கிப்ட்' குறிப்பது போல. இந்தக் 'கேவ' என்பதோடும் ஒரு கல்யாண வழக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணமான மறுநாட் காலையிலே கணவன் மனைவிக்குக் கொடுப்பது 'மோர்கன்கேவ', அதாவது காலைக்கொடை. தந்தையிடம் கொடுக்கும் விலையைப் போலல்லாது இது அவள் கைக்கே வந்து அவளுடைய சொத்தாகும். பழைய ஆங்கிலேயரிடமும் இவ்வழக்கம் இருந்தது. தாழ்ந்த குலத்துப் பெண்ணை அரசன் மணக்கும்போது, பட்டமும் வாரிசுரிமையும் இல்லை, இந்தக் காலைக்கொடை மட்டுமே உண்டு என்ற நிபந்தனையோடு செய்துகொள்ளும் 'மோர்கனாட்டிக்' விவாகத்துக்கும் பெயர் இதிலிருந்தே வந்தது என்பர்.

டென்மார்க்கிலே அத்தகைய விவாகத்தில் பேர்பெற்றது லூயிஸ் ரஸ்முசன் என்பவளுடையது. 1815இல் ஒரு வேலைக்காரிக்குத் தந்தை பெயரற்ற மகளாகப் பிறந்தாள். அரச நாடகசாலையில் நடனமாடினாள். பின்னர்த் தொப்பிக் கடை நடத்தினாள். இரண்டு அரசகுமாரிகளை மணந்து இருமுறையும் முறிவு கண்ட ஏழாம் பிரெடரிக் மன்னன், 1850 ஆகஸ்ட் 7ஆம் திகதி அவளைக் கைப்பிடித்தான். 1849இல் நாட்டுக்கு மக்களாட்சி யாப்பு வழங்கிய அதே மன்னன். அவளுக்கு டனர் சீமாட்டி என்ற பட்டம் கிடைத்தது. அரசிப் பட்டம் கிடைக்கவில்லை. பிரபுக்களின் மனைவிமார் அவளை ஏறெடுத்தும் பாராமல் அவமதித்தனர். 'கிப்ட்' ஆகியும் பாதி 'உகிப்ட்' போன்ற நிலை.

1863இல் மன்னன் இறந்தான். பிள்ளையில்லாத அவளிடம் பெருஞ் செல்வம் தங்கியது. யேகர்ஸ்பிரிஸ் மாளிகையை ஆதரவற்ற ஏழைச் சிறுமிகளின் இல்லத்துக்கென்று எழுதிவைத்தாள். நாம் 'நன்கொடை உறுதி' என்று நொத்தாரிசிடம் முடிப்போமே, அத்தகைய கொடை. கோப்பன்ஹேகன் நகரிலே, தொழிலாளர் வகுப்பைச் சேர்ந்த ஏழைப் பெண்களுக்காக மற்றோர் இல்லத்தையும் 1873இல் நிறுவினாள். கட்டிடம் 1875இல் நிறைவெய்தியது. அவள் அதைப் பாராமலே 1874இல் கண்மூடினாள். நூறாண்டு கழித்து அக்கட்டிடத்தை இடிக்கும் பேச்சு எழுந்தபோது, 1979இல் பெண்கள் கூட்டமாகச் சென்று உள்ளே குடியமர்ந்து அதைக் காப்பாற்றினர். இப்பொழுது, கணவரின் அடியுதைக்குத் தப்பிக் குழந்தைகளோடு ஓடிவரும் பெண்கள் அங்கே தங்குகிறார்கள்.